மீன்தொட்டிக் கருவிகளில் ஒட்டிய பாசி: எதனால் நீக்கலாம், எதனால் நீக்கக் கூடாது

மீன்தொட்டிப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, ஹீட்டரிலும் ஃபில்டர் குழாயிலும் ஒட்டிக்கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாத பாசியை எந்த மருந்தால் நீக்கலாம் என்பதுதான். பாசியைக் கொல்வது கடினமே இல்லை. வீட்டில் இருக்கும் பல திரவங்கள் அதைச் செய்துவிடும். அந்தத் திரவம் கருவியை என்ன செய்யும், கழுவிய பிறகும் அதற்குள் எவ்வளவு தங்கும், தங்கியது மீனை என்ன செய்யும் என்பவற்றைத்தான் யோசிக்க வேண்டும். ஆகவே கறையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காமல், கறை படிந்த பொருள் எதனால் ஆனது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

எதையும் தொடுவதற்கு முன் எல்லா மின் இணைப்புகளையும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஹீட்டரின் இணைப்பை எடுத்த பிறகும் 15 முதல் 30 நிமிடங்கள் வரை அதைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு ஆறவைக்க வேண்டும். சூடாக இருக்கும் கண்ணாடிக் குழாயைக் காற்றில் எடுத்தாலோ குளிர்ந்த நீரில் போட்டாலோ அது வெடித்துவிடும்; கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தால் இன்னும் மோசம், ஏனெனில் அடுத்த முறை இணைப்புக் கொடுக்கும்போது தொட்டி நீரில் மின்சாரம் பாயலாம்.

அடுத்து, ஒட்டியிருப்பது உண்மையில் என்ன என்று பார்க்க வேண்டும். புதிய தொட்டிகளில் வரும் பழுப்புப் படலம் டயட்டம் என்னும் நுண்பாசி வகை; விரலால் துடைத்தாலே போய்விடும். கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக இறுகிய பச்சைப் புள்ளிப் பாசிக்குப் பிளேடு தேவைப்படும். குழாய் வாய்களில் தாடி மயிர்போல அடர்ந்து வளரும் கரும்பாசி, நிறம் கறுப்பாக இருந்தாலும், செம்பாசி இனத்தைச் சேர்ந்தது. இறக்கும்போது சிவந்து, பின்னர் வெளுக்கும். ஆனால் நீர்மட்டக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் "போகாத பாசி" என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி பாசியே அல்ல. நீர் ஆவியாகும்போது படிந்த சுண்ணாம்புப் படிவுதான் அது. பாசி அந்தப் படிவில் வேர்பிடித்ததுபோல் நிற்கிறது. இதில் எவ்வளவு பிளீச் ஊற்றினாலும் பாசி வெளுக்குமே தவிர, மேலோடு அப்படியே இருக்கும்.

சுண்ணாம்புக்கு அமிலமே மருந்து. சாதாரண வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ பிளாஸ்டிக், கண்ணாடிப் பாகங்களை ஊறவைத்தால், குமிழிகள் எழுந்து படிவு இளகும். பிறகு மென்மையான தூரிகை போதும். ஹீட்டர் போன்றவற்றை முழுதாக அமுக்காமல், வினிகரில் நனைத்த துணியைப் படிவின்மேல் சுற்றி வைப்பது நல்லது. தொட்டிக்குள் வைத்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. சிறிது அமிலம் கலந்தாலும், கார்பனேட் குறைந்த நீரில் அமில காரச் சமநிலை சட்டென்று சரிந்துவிடும்.

உண்மையிலேயே பாசிதான் என்றால், பிளாஸ்டிக் குழாய், ஃபில்டரின் வெளிக்கூடு போன்ற வழவழப்பான, நுண்துளை இல்லாத பாகங்களுக்குப் பிளீச் நன்றாகப் பயன்படும். வாசனையோ சோப்போ கலக்காத சாதாரண பிளீச்சாக இருக்க வேண்டும். 1 பங்குக்கு 20 பங்கு நீர் சேர்த்து, 10 முதல் 15 நிமிடங்கள் ஊறவைத்தால் போதும். செறிவைக் கூட்டினால் விரைவில் முடியும் என்று நினைப்பவர்கள், ரப்பர் உறிஞ்சிகள் விறைத்துப் போவதையும், துருப்பிடிக்காத எஃகில்கூடப் புள்ளி விழுவதையும் பிறகு கவனிப்பார்கள். ஊறிய பிறகு ஓடும் நீரில் பலமுறை அலசி, குளோரினை நீக்கும் மருந்தை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கலந்த நீரில் சிறிது நேரம் போட்டு, மறுபடி அலசி, முழுமையாக உலரவிட வேண்டும். வாசனை போய்விட்டதா என்று மூக்கை நம்புவது போதாது. குளோரின் சோதனைத் தாள் கிடைத்தால் கடைசி அலசல் நீரில் அதைத் தோய்த்துப் பார்க்கலாம்.

பிளீச்சையும் வினிகரையும் எந்தக் காரணத்திற்காகவும் ஒன்று சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு உடனே வெளியாகும். இரண்டும் தேவைப்படும் கருவியை முதலில் அமிலத்தில் இட்டு, நன்கு அலசி, மறுநாள் பிளீச்சில் இடுவதே என் வழக்கம். அமோனியா சேர்ந்த கண்ணாடித் துடைப்பான்களும் அதேபோல் ஆபத்தானவை. அவை பிளீச்சுடன் சேர்ந்தால் குளோரமைன் வாயு உண்டாகும். ஃபில்டருக்குள் தேங்கிய மீன் கழிவிலும் அமோனியா இருப்பதால், அந்தக் கசடைத் தண்ணீரில் கழுவிய பின்பே பிளீச்சைத் தொட வேண்டும், அதுவும் காற்றோட்டமான இடத்தில்.

பிளீச் வேண்டாம் என்பவர்கள் மருந்துக்கடைகளில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தலாம். அது நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடுவதால் மிச்சம் தங்கும் அச்சம் குறைவு. கரும்பாசி படிந்த பாகத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, அதன்மேல் தடவிச் சில நிமிடங்கள் விட்டு அலசினால், ஓரிரு நாட்களில் பாசி சிவந்து உதிரத் தொடங்கும்.

ஃபில்டரின் உள்ளிருக்கும் பஞ்சும் பீங்கான் வளையங்களும் முற்றிலும் வேறு கதை. மீன் வெளியேற்றும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அவற்றில்தான் குடியிருக்கின்றன. பஞ்சு பழுப்பாக இருப்பது அழுக்கு என்று எண்ணிப் பிளீச்சிலோ, குளோரின் கலந்த குழாய் நீரிலோ கழுவினால், தொட்டி பளிச்சென்று இருக்கும். சில நாட்களில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய்பிளக்கும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாகப் பிழிந்தால் போதும். கூட்டைச் சுத்தம் செய்யும் வரை அவற்றைத் திறந்த வாளியில், தொட்டி நீரில் மூழ்கவைக்க வேண்டும். மூடிய கூட்டில் விட்டால் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா மடியும். நீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரைக் கழற்றும்போது அதன் பீங்கான் அச்சு எளிதில் முறியும் என்பதை நினைவில் வைத்து நேராக இழுக்க வேண்டும்.

காற்றுக் குமிழிகளை விடும் ஏர் ஸ்டோன் நுண்துளைகளால் ஆனது. உள்ளே புகுந்த பிளீச்சை முழுதாக வெளியேற்றுவது எளிதல்ல. புதியது வாங்குவதே அறிவுடைமை. பாசியேறிய மெல்லிய காற்றுக் குழாய்களுக்கும் அதுவே என் ஆலோசனை.

அக்ரிலிக் பாகங்களில் பிளேடும் முரட்டு நாரும் கீறல் போடும்; ஆல்கஹால் நுண்வெடிப்புகளை உண்டாக்கும். கண்ணாடித் தொட்டியில் பிளேடு ஓட்டும்போதும் மூலைச் சிலிக்கான் இணைப்புக்கு அருகே போகக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பை எந்தக் கருவிக்கும் பயன்படுத்த வேண்டாம். மிகச் சிறு அளவுகூட மீனின் செவுள்களைப் பாதிக்கும். செம்பு கலந்த பாசிக்கொல்லியைத் தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் உயிர்விடும்.

கருவிகளைத் தேய்ப்பவரின் கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி 1926-இல் மீன்காட்சியகத்து மீன்களில் கண்டறியப்பட்டது. கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் அது புகும். சில வாரங்கள் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத கட்டி தோன்றும். உடல் வெப்பநிலையில் செய்யும் வழக்கமான ஆய்வக வளர்ப்பில் இக்கிருமி எளிதில் தென்படாது. ஆகவே மருத்துவரிடம் போனால், நீங்கள் மீன்தொட்டி வைத்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழங்கை வரை வரும் கையுறை அணிவதும், தொட்டி நீரை வெளியேற்றும் சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சாமல் இருப்பதும் அவசியம்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பாலிதோவா போன்ற, பவளத்தை ஒத்த சில ஜோயாந்திட் கடல் உயிரினங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையையோ கருவியையோ கொதிநீர் ஊற்றியோ வேகமாகத் தேய்த்தோ சுத்தம் செய்தால், நஞ்சு நீர்த்துளிகளோடு காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். கொதிக்கவைப்பதால் அந்த நஞ்சு அழிவதும் இல்லை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 2012 முதல் 2014 வரை வீடுகளிலும் கடைகளிலும் இப்படிப் பலர் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலுமாக நோயுற்றனர். ஆகவே அத்தகைய பொருளைச் சுரண்டாமல், கொதிக்கவைக்காமல், கண்காப்பும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு நீர் கலந்த கரைசலில் குறைந்தது அரை மணி நேரம் மூழ்கவைத்து, அதன் பிறகே தொட வேண்டும்.