கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அடிவயிறு வலிப்பது ஏன்?

"பையே இல்லை, அப்புறம் எங்கிருந்து வலி வருது?" மாமியார் கேட்கிறார், கணவர் கேட்கிறார், சில சமயம் டாக்டரே கேட்டுவிடுகிறார். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து சில வருஷம் கழித்து அடிவயிற்று வலியோடு வரும் பெண்கள், உட்காரும்போதே "நடிக்கிறேன்னு நினைக்காதீங்க மேடம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கிறது. தேடினால் பலருக்குக் கிடைக்கிறது.

அப்படி ஒரு காரணம் எண்டோமெட்ரியோசிஸ். இது கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும் நோய். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையில், கர்ப்பப்பையைப் பின்பக்கம் தாங்கும் தசைநார்களில், மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில், சிறுநீர்ப்பையின் மேல், சிலருக்கு சிசேரியன் தழும்புக்குள்கூட வளர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு. கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிடாய் நிற்கும். வெளியே ஒட்டியிருக்கும் திட்டுகளை அதே ஆபரேஷனில் வெட்டி எடுக்காவிட்டால் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சினைப்பை தொடர்ந்து சுரந்துகொண்டிருக்கும்.

கர்ப்பப்பையின் சுவருக்குள்ளேயே இதே போன்ற திசு வளரும் அடினோமயோசிஸ் வேறு. அதற்குக் கர்ப்பப்பையை எடுப்பது நல்ல தீர்வு. சிக்கல் என்னவென்றால் ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருப்பது சகஜம். உதிரப்போக்கும் பாதி வலியும் போய்விடும், மீதி வலி அப்படியே இருக்கும். "முன்ன மாதிரி இல்ல, ஆனா போகல" என்று சொல்பவர்களில் இந்த வகை நிறைய.

1995இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், எண்டோமெட்ரியோசிஸுக்காகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 138 பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையை விட்டுவைத்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு வலி திரும்பியிருந்தது. இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர்களில் 10 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று கிளம்பக் கூடாது. சினைப்பையை விட்டுவைத்த பிரிவில் இருந்தவர்கள் 29 பேர்தான். 38 வயதில் இரண்டையும் இழக்கும் பெண்ணுக்கு எலும்புத் தேய்மானம், இதய நோய் ஆபத்து, தூக்கமின்மை, உடம்பு பற்றியெரிவது எல்லாம் முன்கூட்டியே வரும். அப்படியும் பத்தில் ஒருவருக்கு வலி திரும்பியதே! உடம்புக் கொழுப்பும் அந்தத் திட்டுகளுமே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கின்றன. உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் 'ஒட்டல்' அதிகமிருந்த ஆபரேஷனில் சினைப்பையின் துணுக்கு ஒன்று தெரியாமல் தங்கி, வேலை செய்துகொண்டிருப்பதும் உண்டு. என்னைக் கேட்டால், எந்த உறுப்பை எடுத்தார்கள் என்பதைவிட நோயை முழுசாக எடுத்தார்களா என்பதே முக்கியம்.

மாதவிடாய் இல்லாததால் வலியின் சுழற்சி கண்ணுக்குப் படாமல் போகிறது. "எப்பவாவது வருது" என்றுதான் ஒரு அம்மாவும் சொன்னார். சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே வலி வரும் நாளைக் குறிக்கச் சொன்னேன். மூன்று மாதத் தாளையும் கிழித்து எடுத்துவந்தார். அரை லிட்டர், முக்கால் லிட்டருக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள். நாலு வாரத்துக்கு ஒருமுறை நாலைந்து நாள் சேர்ந்தாற்போல். மலம் கழிக்கும்போதும் அதே நாட்களில்தான் வலி. விரலால் பரிசோதித்தபோது, பிறப்புறுப்பின் மேல்முனையில் தையல் போட்ட இடத்துக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. தொட்டதும் கையைப் பிடித்துவிட்டார். முந்தைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தது. சாதாரண ஸ்கேனில் இது தப்பிவிடும். இந்த நோயில் பழக்கமுள்ளவர் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். அவையும் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதற்காக எல்லா வலியையும் எண்டோமெட்ரியோசிஸ் தலையில் கட்டவும் கூடாது. படுக்கவைத்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தியபடி தலையைத் தூக்கச் சொல்வேன். வலி கூடினால் அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரில், தழும்பருகே சிக்கிய நரம்பில் இருக்கிறது. அந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டால் சிலர் மேசையிலேயே எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார்கள். வருஷக்கணக்காக வலியைத் தாங்கிய இடுப்புத் தளத் தசைகள் இறுகிப்போய் அவையே வலிப்பதும் உண்டு. தாம்பத்திய உறவில் வலி, உட்கார்ந்தால் வலி என்பவர்களுக்கு இதைப் பார்க்க வேண்டும். இதற்கு மாத்திரையைவிட, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் பலன் தருவார். சிறுநீர்ப்பையும் குடலும் தனியாகவே வலி தரலாம்.

டாக்டரிடம் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கட்டாயம் கொண்டுபோங்கள். சினைப்பையை எடுத்தார்களா, விட்டார்களா என்றே தெரியாத பெண்கள் ஏராளம். சம்மரியில் 'பி.எஸ்.ஓ.' என்று இருந்தால் இரண்டு பக்கமும் எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தும் மாதாமாதம் வலித்தால் எஃப்.எஸ்.எச். (சினைப்பை வேலை செய்யாதபோது உயரும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை உதவும். ஹார்மோன் எதுவும் எடுக்காதவருக்கு அந்த அளவு உயராமல் இருந்தால் துணுக்கு தங்கியிருக்கிறதா என்று தேடுவோம்.

சிகிச்சையில் முதலில் பெரும்பாலும் டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை. முடிச்சு ஆழமாக இருந்தால் ஆபரேஷன், அதுவும் குடல் சர்ஜனும் யூராலஜிஸ்ட்டும் கூட இருக்கும் இடத்தில். ஒட்டலைப் பிரிக்கிறோம் என்று திரும்பத் திரும்ப வயிற்றைத் திறப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதினால் "மனநல மாத்திரை கொடுத்துட்டாங்க" என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த அளவில் அது நரம்பு வலிக்குத் தரப்படுகிறது. சினைப்பைகளை எடுத்தபின் ஹார்மோன் மாத்திரை தேவைப்பட்டால், உங்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததைச் சொல்லுங்கள். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு வழக்கமாக ஈஸ்ட்ரோஜன் மட்டுமே எழுதுவோம். இந்த நோய் இருந்தவர்களுக்குப் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனும் சேர்ந்த மருந்து அல்லது டிபோலோன் என்ற ஹார்மோன் மாத்திரைதான் பொதுவான பரிந்துரை.

இன்னொன்று. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயை இந்த நோய் சுற்றி இறுக்கினால், பெரிய வலி எதுவும் காட்டாமலே சிறுநீரகம் வீங்கிப் பழுதாகலாம். ஆகவே அடிவயிற்று ஸ்கேன் எழுதும்போது இரண்டு சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்லிச் சேர்த்தே எழுதுகிறேன். "யூட்ரஸ் எடுத்தவங்கதானே" என்று ஸ்கேன் சென்டரில் சீக்கிரம் முடித்து அனுப்பப் பார்த்தால், கிட்னியையும் பார்த்துவிட்டீர்களா என்று நீங்களே கேளுங்கள்.