வேகாத வெயிலில் உறைபனி

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாட்களில் தினமும் பார்த்த ஒரு காட்சி அவருக்குப் புரியவில்லையாம். "அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால உயரமா ஒரு வெள்ளை டேங்க் நிக்குது. பக்கத்துல வரிசையா அலுமினியக் குழாய். சித்திரை மாச மத்தியானம், தரையில கால் வைக்க முடியல. அந்தக் குழாய் மேல மட்டும் வெள்ளை வெளேர்னு ஐஸ். மோட்டார் சத்தம்கூட இல்ல. அது என்ன, பெரிய ஃபிரிட்ஜா?"

ஃபிரிட்ஜுக்கு நேர் எதிரானது அது. அடுப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

டேங்கில் இருப்பது திரவ ஆக்சிஜன். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், 78 சதவீதம் நைட்ரஜன் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காற்றை அழுத்தி, குளிரவைத்து, திரவமாக்கிவிட்டால் கொதிநிலை வித்தியாசத்தை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும், ஆக்சிஜன் மைனஸ் 183-இல். ஜெர்மனியின் எஞ்சினியர் கார்ல் ஃபான் லிண்டே 1895-இல் காற்றைப் பெரிய அளவில் திரவமாக்கிக் காட்டினார். இன்றைய பெரிய ஆக்சிஜன் ஆலைகள் அந்த வழியில்தான் நடக்கின்றன.

ஏன் திரவமாக வைக்க வேண்டும்? இடம்தான் காரணம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 860 லிட்டர் வாயு கிடைக்கும். கொரோனா அலை அடித்த 2021 மே மாதம் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். கருப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமாக நிற்கும் பெரிய சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் போகும் நோயாளிக்கு ஒரு நாளைக்கு 7,200 லிட்டர் வேண்டும், அதாவது நாளுக்கு ஒரு சிலிண்டர். அதிவேக மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 60 லிட்டர் போனால் நாளுக்குப் பன்னிரண்டு. ஒரு ராத்திரி சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும் சிலிண்டரை மாற்ற ஆள் வர இருபது நிமிடம் ஆனது. அப்பா பிழைத்து வந்துவிட்டார். ஆனால் சிமெண்டுத் தரையில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு சிலிண்டர் வாயு, திரவமாக இருந்தால் வெறும் நூறு லிட்டர். இரண்டு அரிசிச் சாக்கு நிற்கிற இடத்தில் அடங்கிவிடும்.

சரி, டேங்குக்கு வருவோம். அது ஒரு பெரிய ஃபிளாஸ்க். உள்ளே துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம், வெளியே இன்னொரு எஃகுச் சுவர், நடுவில் பெர்லைட் என்ற வெள்ளைப் பொடி. அந்த இடைவெளியிலிருந்து காற்றையும் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அதனால்தான் வெளிச்சுவரைத் தொட்டால் சாதாரணமாக இருக்கிறது, மைனஸ் 183 டிகிரி உள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

இந்தத் திரவத்தை வாயுவாக்கி, அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, வார்டு வரைக்கும் அழுத்தத்தோடு அனுப்ப வேண்டும். இதற்கு பம்ப் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம் என்பதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் திரவம் ஒரு சிறு சுருள்குழாய்க்குள் போகிறது. வெளிக்காற்றின் சூட்டில் அங்கேயே கொதித்து வாயுவாகிறது. அந்த வாயு மேலே ஏறி டேங்கின் உச்சிக்குப் போய், திரவத்தின் தலையில் உட்கார்ந்து அழுத்துகிறது. வார்டில் ஒருவர் மூச்சிழுக்க அழுத்தம் இறங்குகிறது, வால்வு திறக்கிறது, இன்னும் கொஞ்சம் திரவம் கொதிக்கிறது, அழுத்தம் பழைய நிலைக்கு வருகிறது. தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும் டேங்க்!

தள்ளப்பட்ட திரவம் நம் தங்கை பார்த்த அலுமினியக் குழாய்களுக்குள் நுழைகிறது. குழாயைச் சுற்றி நட்சத்திர வடிவில் இறக்கைகள் இருக்கும், காற்று தொடுகிற பரப்பைக் கூட்டுவதற்காக. ஒரு லிட்டர் திரவத்தை ஆவியாக்கி அறை வெப்பத்துக்குக் கொண்டுவர ஆகும் சூடு, ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகும் சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். அவ்வளவையும் கொடுப்பது சும்மா வீசுகிற காற்று. நமக்கு 35 டிகிரி வெறும் புழுக்கம். மைனஸ் 183-இல் இருக்கும் திரவத்துக்கு அது 218 டிகிரி அதிகம், எரிகிற அடுப்பு மாதிரி.

சூட்டைப் பறிகொடுத்த காற்று குளிர்ந்து, கனத்து, இறக்கைகளின் ஊடே கீழே விழுகிறது. விழுந்த இடத்தை நிரப்ப மேலிருந்து புதுக்காற்று வருகிறது. அதனால்தான் குழாய் வரிசையைக் கால் வைத்து உயர்த்தி நிறுத்துகிறார்கள், குளிர்ந்த காற்று அடியில் வழிந்தோட இடம் வேண்டும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி அங்கே காற்று விழுந்துகொண்டே இருக்கிறது. தரையோரம் வெள்ளைப் புகை தவழும்போதுதான் அந்த அருவி நம் கண்ணில் படும்.

ஐஸ், காற்றில் இருந்த ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை பெய்யும்போது இன்னும் தடித்துக் கட்டும். தடித்தால் காற்றின் சூடு உள்ளே போகாது. அதற்காக இரண்டு வரிசை வைத்து, ஒன்று வேலை செய்ய மற்றது உருகும்படி மாற்றி மாற்றி விடுவார்கள். சில நேரம் ஊழியர் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிப்பதும் ஐஸைக் கரைக்கத்தான்.

இதே திரவம்தான் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களுக்கும் போகிறது. பணகுடிப் பக்கம் பஸ்ஸில் போனால் மலையடிவாரத்தில் தெரியுமே, இஸ்ரோவின் அந்த வளாகத்திலிருந்து 2021-இல் தமிழ்நாட்டு, கேரள ஆஸ்பத்திரிகளுக்கு திரவ ஆக்சிஜன் போனது. சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் ராக்கெட் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவது இதை வைத்துத்தான். மைனஸ் 183 டிகிரியைக் கையாளத் தெரிந்த ஆட்களை அவசரத்துக்கு விலைக்கு வாங்க முடியாது, பல வருஷம் சம்பளம் கொடுத்து வளர்த்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கும் இதையேதான் கேட்கிறேன். மிஷின் வாங்க வருகிற பணத்தில் ஒரு பங்காவது அதைப் பராமரிக்கும் டெக்னீஷியன்களுக்குப் போக வேண்டும்.

அதே மே மாதத்தில், கற்பூரமும் ஓமமும் கிராம்பும் துணியில் முடிந்து மோந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஏறாது. வாசனை மூக்கடைப்பு குறைந்த மாதிரி ஓர் உணர்வைத் தரும், அவ்வளவுதான். அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஆக்சிஜன் ஓடும் கட்டில் பக்கத்தில் திருஷ்டி கழிக்கக் கற்பூரம் கொளுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து, ஆக்சிஜன் செறிந்த இடத்தில் சின்னப் பொறிகூடக் குபீரென்று பிடிக்கும். எண்ணெய்க் கையோடு சிலிண்டர் வால்வைத் தொடக்கூடாது என்பதும் இதனால்தான். டேங்க் நிற்கும் தரையில் தார் போடாமல் கான்கிரீட் போடுவதற்கும் காரணம் இதுதான், திரவ ஆக்சிஜன் ஊறிய தார் மேல் ஏதாவது ஓங்கி விழுந்தாலே வெடிக்கலாம்.

கடிதத்தின் கடைசியில் தங்கை இன்னொன்றும் கேட்டிருந்தார்: "ஐஸ் கட்டினா லீக்னு அர்த்தமா?" இல்லையம்மா, குழாய் வரிசையில் ஐஸ் இருந்தால் வார்டில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் டேங்கின் வெள்ளைச் சுவரில் திட்டுத் திட்டாகப் பனி பூத்திருந்தால், இரண்டு சுவருக்கும் நடுவில் எங்கோ காற்று புகுந்துவிட்டது. அதைப் பார்த்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.