தளக்குறி: செய்நிரல் தன் ஊரை அறியும் சொல்

போன கிழமை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்துள்ள தம்பி ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். "அண்ணா, பிறீப்றொசெசர் சிம்பல் எண்டதைத் தமிழில என்னெண்டு எழுதுறது? ஒப்படையைத் தமிழிலதான் எழுதப்போறன்." எனக்கு நல்ல சந்தோசம். 'முன்செயலிக் குறியீடு' என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. "அப்ப அது என்ன வேலை செய்யுது எண்டு அந்தச் சொல்லைப் பார்த்தா விளங்குமோ?"

விளங்காது. அன்றிலிருந்து இந்தச் சொல் என் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். சி, சி++ மொழிகளில் நாம் எழுதும் செய்நிரல் (தமிழகத்தில் நிரல் என்பார்கள்) அப்படியே கொம்பைலரின் கைக்குப் போவதில்லை. கொம்பைலர் என்பது நாம் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவது; அந்த வேலையைத்தான் தொகுத்தல் என்கிறோம். அதற்கு முன்னால் ஒருவர் அதைப் படித்துத் திருத்துகிறார். 'ஹாஷ்' அடையாளத்தில் தொடங்கும் வரிகள் எல்லாம் அவருக்கான கட்டளைகள். 'இன்குளூட்' என்று இருந்தால் இன்னொரு கோப்பை எடுத்துவந்து அந்த இடத்தில் ஒட்டுவார். 'டிஃபைன்' என்று இருந்தால் ஒரு பெயரைக் காணும் இடமெல்லாம் வேறொன்றைப் போடுவார். 'இஃப்', 'இஃப்டெஃப்' என்று இருந்தால் நிபந்தனையைப் பார்த்து ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிவார். மொழியின் இலக்கணமோ தரவு வகையோ அவருக்குத் தெரியாது. வெட்டுவதும் ஒட்டுவதும்தான் வேலை. அவர் வெட்டிய பகுதி கொம்பைலரின் கண்ணிலேயே படாது. இவர்தான் பிறீப்றொசெசர்.

சி மொழி உருவான முதல் நாட்களில் இவர் இல்லை. 1972, 1973 அளவில்தான் வந்தார். அலன் ஸ்னைடர் வற்புறுத்தியதும், பிசிபிஎல், பிஎல்/1 ஆகிய மொழிகளில் கோப்புகளைச் சேர்க்கும் வசதி எவ்வளவு உதவுகிறது என்று கண்டதும்தான் காரணம் என்று சி மொழியை ஆக்கிய டெனிஸ் றிச்சி எழுதி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் கோப்பு சேர்த்தல், எளிய பெயர் மாற்றம் இரண்டு மட்டுமே. நிபந்தனை பார்த்து வெட்டும் ஆற்றல், மைக் லெஸ்க், அவருக்குப் பிறகு ஜோன் ரைசர் ஆகியோர் கைவைத்த பிறகு வந்தது. நம்முடைய கதைக்கு அந்த வெட்டும் ஆற்றல்தான் முக்கியம்.

சொல்லுக்கு வருவோம். ஆங்கிலச் சொல்லின் இரண்டு துண்டுகளும் இலத்தீன். 'பிறே' என்றால் முன். 'புறோசெஸ்' வந்த வினைக்குப் பொருள் முன்னே செல்லுதல். ஒன்று காலத்தால் முன், மற்றது இடத்தால் முன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்: 'முன்னொரு காலத்தில்' என்கிறோம், 'முன்னுக்குப் போ' என்றும் சொல்கிறோம். எனவே 'முன்' என்ற அடை இந்தக் கருவிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இடறுவது அடுத்த பாதி.

தம்பி தேடியதில் மூன்று சொற்கள் கிடைத்தன: முன்செயலி, முற்செயலி, முன்பதப்படுத்தி. மூன்றாவதை உடனே தள்ளிவிடலாம். பதப்படுத்துவது தோலையும் மீனையும். எழுத்தை வெட்டி ஒட்டும் ஒன்றுக்கு அந்தச் சொல்லை வைத்தால் படிப்பவருக்குக் கருவாட்டு வாசம்தான் வரும். முற்செயலி, புணர்ச்சி விதியை நினைத்து ஆக்கியது. முன், பகல் சேர்ந்தால் முற்பகல். பொன், குடம் சேர்ந்தால் பொற்குடம். இலக்கணம் சரிதான். ஆனால் முற்செயல் என்று காதில் விழுந்ததும் முன்பு செய்த செயல், முற்பிறப்புப் போல ஒன்று, என்றுதான் மனம் போகிறது. அதனால் பிரிந்து ஒலிக்கும் 'முன்செயலி' நல்லது என்பது என் முடிவு. அதிலும் ஒரு குறை உண்டு. செயலி என்ற சொல்லை இப்போது கைபேசி அப்புகளுக்குக் கொடுத்துவிட்டோம். வங்கிச் செயலி, பேருந்துச் செயலி என்று அது ஊரெல்லாம் புழங்குகிறது. 'முன்செயலி' என்றதும் ஒருவர் பழைய அப் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் பலர் எழுதிப் பழகிய சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் புதிதாகக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. ஒரு முறை விளக்கிவிட்டால் போதும்.

'சிம்பல்' என்பதுதான் என்னைக் கனக்க யோசிக்க வைத்தது. குறியீடு என்று எழுதினால் 'கோட்' என்பதற்கும் சிலர் அதே சொல்லைப் போடுகிறார்கள். ஒரே பந்தியில் இரண்டும் வந்தால் குழப்பம். முன்செயலியின் பெயர்களை மக்ரோ என்றும் சொல்வார்கள். கிரேக்கத்தில் அதற்கு நீண்டது, பெரியது என்று பொருள். சின்னப் பெயர் ஒன்று விரிந்து பெரிதாவதால் அந்தப் பெயர். இதற்கு நம் பள்ளிக்கூடத்திலேயே சொல் இருக்கிறது. 'பின்வரும் தொகைச்சொற்களை விரித்து எழுதுக' என்று தமிழ்ப் பரீட்சையில் வருமே, ஞாபகம் இருக்கிறதா? முத்தமிழ் என்றால் இயல், இசை, நாடகம். மூவேந்தர் என்றால் சேரர், சோழர், பாண்டியர். சுருக்கமாக ஒரு பெயர் நிற்கும். தேவையான இடத்தில் முழுதாக விரியும். மக்ரோ செய்வது அச்சொட்டாக அதுதான். அதை விரிப்பதற்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ்பான்ஷன்' என்கிறார்கள். நமக்கு 'விரித்தல்' எப்போதோ இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. தொகைச்சொல்லைக் கணினிக்குக் கொண்டுபோக நாம் கூச்சப்படத் தேவையில்லை.

ஆனால் முன்செயலியின் பெயர்களில் இன்னொரு வகை உண்டு: செய்நிரல் எந்த வகைக் கணினிக்காகத் தொகுக்கப்படுகிறது என்று சொல்பவை. தம்பியின் ஒப்படைக்கு வேண்டியது இவைதான். இவற்றுக்குத் தொகைச்சொல் பொருந்தாது. அவை பெரும்பாலும் வெறும் 1 என்றுதான் விரியும். அவற்றின் பயன் விரிவதில் இல்லை. இருக்கிறதா இல்லையா என்பதில்தான். வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவார்கள். குறியைப் பார்த்தால் யாருடைய மாடு, எங்கே சேர வேண்டியது என்று தெரிந்துவிடும். இதுவும் அப்படி ஒரு குறி. சுடுகிறவர் கொம்பைலர். ஆகவே 'குறி'.

எதைக் காட்டும் குறி? ஆங்கிலத்தில் 'பிளாற்போம்'. பிரெஞ்சில் அது தட்டையான வடிவம் என்று பொருள்படும் கூட்டுச்சொல். யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் நாம் நிற்பதும் பிளாற்போம்தான். தமிழில் அதை மேடை என்கிறோம். விண்டோஸை மேடை என்று யாரும் சொல்வதில்லை. தட்டையான பரப்பு, மேலே ஒன்று நிற்பதற்கு அடியில் இருப்பது என்ற பொருளில் 'தளம்' வந்து அமர்ந்துவிட்டது. இணையத்தளத்திலும் அதே தளம். பலாலிப் பக்கத்தார் கேட்டால் படைத்தளம்தான் முதலில் நினைவுக்கு வரும். எனவே தனியாகத் தளம் என்று விடாமல் 'தளக்குறி' என்று சேர்த்து எழுதினால் தடுமாற்றம் இல்லை. பாடநூல் வழக்கில் பணிசெயல் முறைமை என்று ஒரு சொல் உண்டு. விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றுக்கு அது சரி. தளம் என்பது அதைவிடக் கொஞ்சம் அகலம். கணினியின் வகையும் கொம்பைலரும்கூட அதற்குள் அடங்கும்.

சரி, தளக்குறி எப்படி வேலை செய்கிறது? நம் ஊர்ச் சொல்லை வைத்தே எழுதிப் பார்க்கலாம்.

#இஃப்டெஃப் யாழ்ப்பாணம்
பாண்
#எல்ஸ்
பிரெட்
#எண்டிஃப்

யாழ்ப்பாணத்தில் இதைத் தொகுத்தால் 'பாண்' மட்டும் மிஞ்சும். சென்னையில் 'பிரெட்' மட்டும். எழுதியது ஒரே கோப்பு. உண்மையான செய்நிரலில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக, முன்னால் ஓர் அடிக்கோடு போட்ட 'வின்32' விண்டோஸைக் குறிக்கும். இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு போட்டுச் சிறிய எழுத்தில் வரும் 'லினக்ஸ்' லினக்ஸுக்கு. அதே மாதிரி இரட்டை அடிக்கோடுகளுக்குள் பெரிய எழுத்தில் 'அப்பிள்' என்று வந்தால் மக், ஐபோன் முதலியவற்றுக்கு. இவற்றை நாம் எங்கும் வரையறுப்பதில்லை. கொம்பைலரே வரையறுத்து வைத்திருக்கும்.

அடிக்கோடுகள் ஏன் என்று தம்பி கேட்டார். பழைய கொம்பைலர்கள் 'லினக்ஸ்', 'யுனிக்ஸ்' என்ற வெறும் பெயர்களையே குறியாக வைத்திருந்தன. ஜிசிசி என்ற கொம்பைலரின் வழக்கமான நிலையில் இன்றும் அவை உண்டு. உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடும் அவருடைய கணினியில் 'லினக்ஸ்' என்ற பெயரில் ஒரு மாறியை (மதிப்பு ஒன்றை வைத்திருக்கும் பெயரை) அறிவித்து அதற்கு 3 என்று மதிப்புக் கொடுக்கச் சொன்னேன். கொம்பைலர் மறுத்துவிட்டது. முன்செயலி அந்தப் பெயரை 1 ஆக மாற்றிவிட்டதால், கொம்பைலர் கண்டது '1 என்ற மாறிக்கு 3' என்ற பொருளற்ற வரி. இப்படி நம் பெயரோடு மோதக் கூடாது என்றுதான் 1989இல் வந்த சி தரநிலை, இரட்டை அடிக்கோட்டிலும், ஓர் அடிக்கோடும் பெரிய எழுத்துமாகவும் தொடங்கும் பெயர்களைக் கொம்பைலர் தரப்புக்கென்று ஒதுக்கி வைத்தது.

தளக்குறிகளின் பெயரை நம்பிப் பொருள் கொள்ளக் கூடாது. வின்32 என்பதில் 32 இருக்கிறதே என்று 32 பிட் விண்டோஸுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் கனபேர். 64 பிட் விண்டோஸிலும் அது இருக்கும். 64 பிட்டுக்கு மேலதிகமாக வின்64 என்று இன்னொன்றும் இருக்கும். அன்ட்ரொயிட்டில் அன்ட்ரொயிட் குறியோடு லினக்ஸ் குறியும் இருக்கும். பருத்தித்துறைக்காரரிடம் "நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டால் ஓம் என்பார், அது பொய்யில்லை. உங்களுக்குப் பருத்தித்துறை என்று தெரிய வேண்டுமானால் அதை முதலில் கேட்க வேண்டும். அப்படியே அன்ட்ரொயிட்டா என்று முதலில் கேட்டு, இல்லையென்றால்தான் லினக்ஸா என்று கேட்க வேண்டும்.

அப்பிளில் இன்னொரு விதம். ஐபோனா என்று சொல்லும் குறி மக் கணினியிலும் வரையறுக்கப்பட்டிருக்கும், 0 என்ற மதிப்போடு. 'இஃப்டெஃப்' போட்டால் அது 'பெயர் இருக்கிறதா' என்று மட்டும்தான் பார்க்கும். இருக்கிறது என்று சொல்லி மக்கில் ஐபோன் பகுதியைத் திறந்துவிடும். அங்கே வெறும் 'இஃப்' போட்டு மதிப்பைப் பார்க்க வேண்டும்.

எழுத்துப் பிழையும் இதில் சத்தமில்லாத ஆபத்து. குறியின் பெயரில் ஓர் அடிக்கோடு விடுபட்டால் முன்செயலி பிழை என்று சொல்லாது. அப்படி ஒரு பெயர் இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியை வெட்டிவிட்டு நகரும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இது இன்னும் கொஞ்சம் கூடுதலாக இடறும். அந்தத் தம்பி பெயரில் இடறவில்லை, வேறொன்றில் இடறினார். அவருடைய செய்நிரல் ஒரு செக்கன் பொறுத்துவிட்டு அடுத்த வரியைக் காட்ட வேண்டும். விண்டோஸில் அதற்கு 'ஸ்லீப்' என்ற செயற்கூறு, முதல் எழுத்து பெரியது, மில்லிசெக்கனில் கணக்கு. எனவே 1000 என்று கொடுத்தார், சரியாக ஓடியது. பிறகு தளக்குறி போட்டு லினக்ஸுக்கும் ஒரு பகுதி எழுதினார். அங்கேயும் 'ஸ்லீப்' உண்டு, முதல் எழுத்து சிறியது. பெயரைச் சரியாக மாற்றியவர் 1000 ஐ மாற்றவில்லை. லினக்ஸின் ஸ்லீப் செக்கனில் எண்ணும். திரை அப்படியே நின்றது. கணினி செத்துவிட்டது என்று நினைத்து அவர் இரண்டு முறை மூடித் திறந்தார். உண்மையில் அது 16 நிமிடம் 40 செக்கன் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

அவருக்கு நான் அழுத்திச் சொன்னது வேறொன்று. தீவுப் பகுதிகளில் ஒரே ஊரில் ஒரு கிணறு நன்னீர், நாலு வளவு தள்ளி இன்னொன்று உவர். ஊர்ப் பெயரைக் கேட்டுத் தண்ணீரை முடிவு செய்ய முடியாது, அள்ளிக் குடித்துப் பார்க்க வேண்டும். செய்நிரலிலும் எந்தத் தளம் என்று கேட்பதைவிட, வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேட்க முடிந்தால் அதைக் கேட்பது நல்லது. 2017ஆம் ஆண்டின் சி++ தரநிலையான சி++17 இலிருந்து, இன்ன கோப்பு இருக்கிறதா என்று முன்செயலியிடமே கேட்கலாம். இதற்கு 'வசதிச் சோதனை' என்ற பெயர் போதும் என்று நினைக்கிறேன். வேறு வழி இல்லாத இடத்தில் மட்டும் தளக்குறி.

எந்தக் குறிகள் இருக்கின்றன என்று மனப்பாடம் செய்யவும் தேவையில்லை. வெற்றுக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, வரையறைகளை மட்டும் அச்சிடு என்று ஜிசிசியிடம் சொன்னால் நூற்றுக்கணக்கில் கொட்டும். தம்பி தன் மடிக்கணினியில் அதைச் செய்து, லினக்ஸ் குறியைத் தேடிப் பிடித்து, அதைத் தன் ஒப்படையில் ஒட்டினார். கீழே இப்படி எழுதியிருந்தார்: "தளக்குறி என்பது, செய்நிரல் எந்தத் தளத்துக்காகத் தொகுக்கப்படுகிறது என்பதை முன்செயலிக்குக் காட்ட, கொம்பைலர் முன்கூட்டியே இட்டுவைக்கும் பெயர்." அதில் நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.