கப்பல் ஒன்று, வேலை பல: டென்மார்க்கின் பெட்டிப் போர்க்கப்பல்கள்

1980களின் தொடக்கத்தில் டென்மார்க் கடற்படைக்குக் கணக்கு உதைத்தது. டார்பிடோ படகுகள், ரோந்துக் கப்பல்கள், கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் என மூன்று வகையில் இருந்த 22 கலங்களுக்கு வயதாகிவிட்டது. பால்டிக் கடலின் வாசலில் இருக்கும் நாடு காவலைக் குறைக்க முடியாது. அத்தனைக்கும் புதிதாக வாங்கப் பணமும் இல்லை. சரி, எந்தக் கப்பலும் எல்லா ஆயுதங்களையும் ஒரே நாளில் பயன்படுத்தப் போவதில்லையே, பிறகு ஆயுதத்தைக் கப்பலோடு நிரந்தரமாகப் பிணைப்பானேன்?

அப்படிப் பிறந்ததுதான் ஃப்ளூவஃபிஸ்கன் வகுப்பு. 54 மீட்டர் நீளம், சுமார் 450 டன் எடை. மொத்தம் 14 கப்பல்கள். ஒவ்வொன்றின் மேல்தளத்திலும் முன்னால் ஒன்று, பின்னால் மூன்று என நான்கு குழிகள். அவற்றில் இறங்கும் எஃகுப் பெட்டிகள் எல்லாம் ஒரே அளவு: 3 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். பீரங்கியோ ஏவுகணையோ பெட்டியின் கூரைமேல் நிற்கும். அதை இயக்கும் எந்திரங்கள் உள்ளே இருக்கும். மின்சாரம், தண்ணீர், காற்று, தகவல் இணைப்புகள் எல்லாப் பெட்டியிலும் ஒரே இடத்தில் வரும். எந்த பல்பும் ஒரே ஹோல்டரில் பொருந்துவதுபோல, எந்தப் பெட்டியும் எந்தக் கப்பலிலும் உட்காரும்.

துறைமுகத்தில் 15 டன் தூக்கும் கிரேன் ஒன்று போதும். பின்தளத்து ஏவுகணைப் பெட்டியைத் தூக்கிவிட்டு, கண்ணிவெடி தேடும் சாதனப் பெட்டியை இறக்க அரை மணி நேரம் ஆகும். அப்புறம் சரிபார்க்கச் சில மணி நேரம். கட்டுப்பாட்டு அறையின் திரைகளும் பொதுவானவைதான். புதிய வேலைக்கான மென்பொருளை ஏற்றினால் போதும்.

பெட்டியை மாற்றலாம், உடலை மாற்ற முடியாதே! என்னைக் கேட்டால், வடிவமைத்தவர்களின் உண்மையான திறமை தெரிவது இங்கேதான். கண்ணிவெடிக்குப் பக்கத்தில் போகும் கப்பலில் காந்தத்தன்மை குறைவாக இருக்க வேண்டும். அதனால் உடல் எஃகில் இல்லை. நுரைப் பிளாஸ்டிக்கின் இருபுறமும் கண்ணாடி இழை ஒட்டியது. கண்ணிவெடி தேட ஆமை வேகம் வேண்டும், அதற்கு ஹைட்ராலிக் மோட்டார். ரோந்துக்கு இரண்டு டீசல் எஞ்சின்கள். எதிரியை விரட்ட கேஸ் டர்பைன். அதைக் கிளப்பினால் 30 நாட் வேகம், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர்.

அந்த அரை மணி நேர மாற்றத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். அதைவிடப் பெரிய லாபம் பராமரிப்பில் இருக்கிறது. பீரங்கி பழுதானால் பெட்டி மட்டும் பட்டறைக்குப் போகும். வேறொரு பெட்டியோடு கப்பல் கடலுக்குப் போகும். மாலுமிகளை மட்டும் அப்படி மாற்றிவிட முடியாது. நீர்மூழ்கி வேட்டையில் தேறியவர் மறுநாளே கண்ணிவெடி நிபுணர் ஆகிவிட மாட்டார். இதே எண்ணத்தில் கரையோரப் போர்க்கப்பல்களைக் கட்டிய அமெரிக்கக் கடற்படை, 2016இல் ஒரு கப்பலுக்கு ஒரே பணி என்ற ஏற்பாட்டுக்கு மாறியது.

2010க்குள் டென்மார்க் இந்த வகுப்புக்கு ஓய்வு கொடுத்தது. சில கப்பல்கள் லிதுவேனியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் விலைக்குப் போயின. பழைய கப்பல்களின் 76 மில்லிமீட்டர் பீரங்கிப் பெட்டிகளோ, அடுத்து வந்த ஈவர் ஹுயிட்ஃபெல்ட் வகுப்புப் பெரிய போர்க்கப்பல்களின் முன்தளத்தில் ஏறிக்கொண்டன.