செனட் ஹவுஸ் யாருடைய வீடு?

'செனட் இல்லம்' என்று மூன்றாவது முறையாகக் காதில் விழுந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. முதலில் ஒரு சுற்றுலாக் கையேட்டில் பார்த்தேன். யாரோ அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு காணொளியில் கேட்டேன். மூன்றாவது முறை, போன மாதம் அத்தையோடு மெரினாவில் நடந்துகொண்டிருந்தபோது. ஓர் இளைஞர் பத்துப் பதினைந்து பேரை நிறுத்திவைத்து, சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தின் செங்கல் நிறக் கட்டடத்தைக் காட்டி, "இதுதான் செனட் இல்லம்" என்றார். அத்தை என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "யாருடா அந்த செனட்டு? வெள்ளைக்காரத் துரையா? ஒத்த ஆளுக்கா இவ்வளவு பெரிய வீடு?"

அத்தை கேட்டதில் தப்பே இல்லை. இல்லம் என்றால் அதில் யாராவது குடியிருக்க வேண்டும்.

சொல்லின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். இலத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் முதியவர். அதிலிருந்து வந்தது உரோமாபுரியின் 'செனாட்டுஸ்', அதாவது மூத்தோர் கூடிய அவை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அவைக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. அவை கூடும் கட்டடம் செனட் ஹவுஸ் ஆனது. கேம்பிரிட்ஜில் உள்ளது 1730இல் முடிந்தது. நம்முடையதைக் கட்டியவர் ராபர்ட் சிஸம். 1874இல் தொடங்கி 1879இல் முடித்தார். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களையும் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத்தான் அமைத்தார்கள். ஆனால் லண்டன்காரர்கள் தங்களுக்கென்று இப்போதுள்ள செனட் ஹவுஸைக் கட்டியது 1930களில். இந்த ஒரு விஷயத்தில் பிள்ளை தகப்பனை முந்திக்கொண்டது. கல்கத்தாவில் இருந்ததை 1960இல் இடித்தே விட்டார்கள்.

சரி, இப்போது 'இல்லம்'. ஆங்கிலத்தில் ஹவுஸ் என்றால் வீடு மட்டுமல்ல. ஏதோ ஒரு காரியத்துக்கென்று எழுப்பிய கட்டடமும் ஹவுஸ்தான். இது புரியாமல் அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். அந்தக் கடற்கரைச் சாலையிலேயே மூன்று ஹவுஸ்கள் இருக்கின்றன. வடக்கே செனட் ஹவுஸ், நடுவில் ஐஸ் ஹவுஸ், தெற்கே லைட் ஹவுஸ். லைட் ஹவுஸை யாராவது 'விளக்கு இல்லம்' என்றார்களா? கலங்கரை விளக்கம் என்ற அழகான பழைய சொல் இருந்தது, எடுத்துக்கொண்டோம். ஐஸ் ஹவுஸ் 1842 வாக்கில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டியது. பனிக்கட்டி அங்கே குடும்பம் நடத்தவில்லை. ஆகவே அது கிடங்கு. பிறகு அது குடியிருக்கும் வீடாக மாறியது. 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். மனிதர் தங்கிய இடம் என்பதால் அங்கே 'இல்லம்' கச்சிதமாகப் பொருந்துகிறது. மூன்றில் ஒன்றுக்குத்தான் அந்தச் சொல் சரி, அதுவும் பனிக்கட்டி வெளியேறிய பிறகு.

வாஷிங்டனில் இருப்பதை 'வெள்ளை மாளிகை' என்று முதலில் எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. இத்தனைக்கும் அதிபர் அங்கே நிஜமாகவே குடும்பத்தோடு குடியிருக்கிறார். இன்று அந்தப் பெயர் புதிதாக நம்மிடம் வந்திருந்தால் 'வெள்ளை இல்லம்' என்றுதான் செய்தியில் படித்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செனட் என்பதன் வேரையும் ஹவுஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கிடைப்பது 'முதியோர் இல்லம்'. இல்லம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதுவரைக்கும் போகத் தயாரா?

ஹவுஸ் இப்படி என்றால், செனட்டுக்கான சொல்லில் சிக்கல் இன்னும் பெரிது. சிலர் 'மேலவை' என்று எழுதுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் அங்கே மேலவை என்பது உண்மைதான். ஆனால் மேலவை என்று ஒன்று இருந்தால் கீழவை என்று ஒன்று இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் கீழவை எது, சிற்றுண்டிச் சாலையா? அதோடு, தமிழ்நாட்டில் மேலவை என்றால் 1986இல் கலைக்கப்பட்ட சட்ட மேலவைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் செனட்டை ஆட்சிப்பேரவை என்றும், சிண்டிகேட்டை ஆட்சிக்குழு என்றும் எழுதுகின்றன. ஆட்சிப்பேரவை மோசமான சொல் இல்லை. அவை நம் பழைய சொல். அவையறிதல், அவையஞ்சாமை என்று குறளில் இரண்டு அதிகாரங்களே உண்டு. ஆகவே 'பேரவை மண்டபம்' என்று வைத்துவிடலாம் என்று நானும் கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழ் கற்பிக்கும் நண்பர் ஒருவர்தான் மறித்தார். "அந்தக் கட்டடத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் சட்டப்பேரவை என்றுதான் நினைப்பார்கள். நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது" என்றார். ஆமாம், 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் முதன்முதலில் கூடியதே செனட் ஹவுஸில்தான். அடுத்த ஆண்டு, இன்று ராஜாஜி மண்டபம் என்று சொல்லும் விருந்து மண்டபத்துக்கு மாறினார்கள். பேரவை மண்டபம் என்று பலகை வைத்தால் ஓராண்டுக்கும் குறைவாக வாடகைக்கு இருந்தவரின் பெயரை வீட்டுக்காரருக்குச் சூட்டியதுபோல் ஆகிவிடும்.

அப்படியானால் எது சரியான சொல்? கடலுக்கு அந்தப் பக்கம் பல ஆண்டுகளாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் செனட்டுக்கு 'மூதவை' என்று பெயர். கவுன்சிலைத்தான் அவர்கள் பேரவை என்கிறார்கள். முதுமை + அவை = மூதவை; மூதூர், மூதாட்டி எல்லாம் அமைந்த அதே வழி. இலத்தீன் வேரில் உள்ள 'மூத்தோர்' அப்படியே வந்துவிடுகிறது, ஆனால் மொழிபெயர்ப்பு வாடையே இல்லை. சங்கப் பாட்டில் இருந்து எடுத்தது என்று சொன்னால் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். 'புழக்கத்தில் இல்லாத சொல்' என்று இங்கே மறுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டடத்தில் மாகாணப் பிரதமராக உட்கார்ந்த ராஜாஜியை 'மூதறிஞர்' என்று எத்தனை மேடைகளில் கேட்டோம்? அப்போது யாராவது அகராதியைப் புரட்டினோமா? யாழ்ப்பாணத்தில் மாணவர்களும் செய்தியாளர்களும் தயங்காமல் சொல்லும் சொல் நமக்கு மட்டும் ஏன் கடினமாகிவிடுகிறது? நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில அகராதியை நான்கு தடவை பார்ப்பார்கள். இலங்கைத் தமிழை ஒரு தடவை எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது மண்டபம். நண்பருக்கு இதில் உடன்பாடு இல்லை, வடசொல்லாம். 'அகம்' சேர்க்கலாம் என்றார். நூலகம், செயலகம் என்று வழக்கம் இருக்கிறது, பக்கத்திலேயே எழிலகமும் நிற்கிறது. நியாயம்தான். ஆனால் மூதவையோடு அகத்தைச் சேர்த்து எழுதிப் பாருங்கள்: மூதவையகம். படிக்கிறவர் கண் நேராக 'வையகம்' என்பதில் போய் நிற்கும். 'அவைக்களம்' என்றும் ஒரு பழைய சொல் உண்டு. அவைக்களப் புலவர் என்கிறோமே, அது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் களம் என்றால் இன்றைக்கு நெல் காய்வதோ போர் நடப்பதோதான் மனதில் வருகிறது. நான்கு மூலைக் கோபுரமும் உள்ளே உயர்ந்த பெருங்கூடமும் உள்ள ஒரு கட்டடம் வருவதில்லை. மண்டபம் என்றவுடன் வருகிறது. ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு அது அயல் சொல் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. தனித்தமிழ் எனக்கும் வேண்டியதுதான். ஆனால் கேட்டதும் கட்டடம் கண்முன் வராத தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆகவே, மூதவை மண்டபம். பேச்சில் செனட் ஹவுஸ் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், எனக்குச் சண்டை இல்லை. பவர் ஹவுஸ், ஐஸ் ஹவுஸ் என்று பேருந்து நிறுத்தங்களுக்கே பெயர் வைத்திருக்கும் ஊர் இது. பலகையிலும் கையேட்டிலும் தமிழில் எழுதுவதென்று உட்காரும்போது மட்டும் அந்த இல்லத்தைக் காலிசெய்துவிடுங்கள்.

இதையெல்லாம் அன்று சாயங்காலமே அத்தைக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மூதேவி மண்டபமா?" என்றார். ஒவ்வோர் எழுத்தாக மறுபடி சொன்னேன்.

"ஓ, மூதவையா. மண்டபம்னா, அப்போ வாடகைக்கு விடுவாங்களா?"

1937இல் விட்டார்கள் என்றேன்.