டிப்ஸ்: பொருள், பிறப்பு, தமிழில் சொல்லும் முறை

தமிழில் 'டிப்ஸ்' இரண்டு பொருளில் வழங்குகிறது. சமையல் டிப்ஸ், தேர்வுக்கு டிப்ஸ் என்று சொன்னால் குறிப்பு. ஓட்டலில் பில் வந்த தட்டில் மிச்சம் வைக்கும் பத்து இருபது ரூபாய் இன்னொன்று. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஆங்கிலத்தில் ஒருமை 'டிப்'. அதன் பன்மை விகுதி தமிழுக்கு வந்தபோது சொல்லோடே ஒட்டிக்கொண்டது. ஐந்து ரூபாய் வைத்தாலும் நாம் டிப்ஸ் என்றே சொல்கிறோம். ஆகவே 'டிப்ஸ்கள்' என்று எழுத வேண்டியதில்லை.

பொருள் வரையறையில் நான்கு கூறுகள் உண்டு. பணி செய்தவருக்குப் போக வேண்டும். பணியைப் பெற்றவர் தர வேண்டும். விலைக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் அது டிப்ஸ் ஆகாது. முதலாளி தந்தால் போனஸ் அல்லது ஊக்கத்தொகை. பில்லிலேயே அச்சிட்டு வாங்கினால் சேவைக் கட்டணம். அரசு ஊழியர் தம் கடமையைச் செய்வதற்கு வாங்கினால் லஞ்சம்.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு கதை பரவலாக உலவுகிறது. 'விரைவை உறுதிசெய்ய' என்று பொருள்படும் 'டு இன்ஷூர் ப்ராம்ப்ட்னஸ்' என்ற தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'டிப்' ஆயிற்று, பழைய லண்டன் காப்பிக் கடைகளில் அப்படி எழுதிய பெட்டி இருந்தது என்பார்கள். இது பின்னால் கட்டியது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் பெருகியது 20-ஆம் நூற்றாண்டில்தான். 'டிப்' அதற்கு முந்நூறு ஆண்டு மூத்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் திருடர்களின் குழூஉக்குறியில் 'கொடு', 'கைமாற்று' என்ற பொருளில் அது வழங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலையாளுக்குச் சில்லறை கொடுப்பதைக் குறித்தது. அந்த நூற்றாண்டின் நடுவில் கொடுத்த காசுக்கே பெயராயிற்று. 'இரகசியமாகத் துப்புக் கொடு' என்னும் பொருளும் இதே வினையிலிருந்து கிளைத்ததாகவே கருதப்படுகிறது. சமையல் டிப்ஸுக்கும் ஓட்டல் டிப்ஸுக்கும் உள்ள உறவு அதுதான்.

பிற மொழிகளில் இந்தக் காசுக்குப் பெரும்பாலும் குடிப்பதை வைத்தே பெயர். பிரெஞ்சில் 'பூர்புவார்', குடிப்பதற்கு. ஜெர்மனில் 'டிரிங்க்கெல்ட்', குடிகாசு. ரஷ்ய மொழியில் தேநீர்க் காசு. 'டீ செலவுக்கு வச்சுக்கப்பா' என்று நம் ஊரில் சொல்வதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தப் பெயர்களில் எதுவும் 'சோற்றுக்காசு' என்று சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டைக் கூலி பார்த்துக்கொள்ளும், இது அதற்கு மேல் ஒரு வாய்த் தேநீர் என்பதுதான் இந்தச் சொற்களின் அடிப்படை. அந்த அடிப்படை உடைந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது.

உடைந்த இடத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்கா. உள்நாட்டுப் போருக்குப் பிறகு புல்மன் நிறுவனத்தின் தூங்கும் ரயில் பெட்டிகளில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்கள் பணியாளர்களாக அமர்த்தப்பட்டார்கள். சம்பளம் சொற்பம். மீதியைப் பயணிகளின் கையை எதிர்பார்த்துத்தான் சம்பாதிக்க வேண்டும். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் வர 1937 வரை ஆயிற்று. சம்பளம் உயர்ந்தது, மாத வேலை 400 மணியிலிருந்து 240 மணியாகக் குறைந்தது. இதற்கிடையில் 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்து சட்டம் போட்டது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. 1926-க்குள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன.

1938-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஓட்டல் தொழிலாளர்களைச் சேர்க்கவில்லை. 1966-இல் சேர்த்தபோது கூடவே ஒரு கழிவையும் கொடுத்தது: வாடிக்கையாளர் தரும் டிப்ஸைக் கணக்கில் காட்டி முதலாளி தன் கூலிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். இதைத் தமிழில் 'டிப்ஸ் கழிவு' என்று சொல்வதே தெளிவு. இன்று கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி ரொக்கமாகத் தர வேண்டியது 2.13 டாலர் மட்டுமே; இந்தத் தொகை 1991-இலிருந்து அசையவில்லை. இடையிலுள்ள 5.12 டாலர்தான் கழிவு.

வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் சர்வரை எடுத்துக்கொள்வோம். முதலாளி தருவது 85.20 டாலர். சட்டப்படி அவர் கையில் சேர வேண்டியது 290 டாலர். அந்த வாரம் டிப்ஸ் 150 டாலர்தான் என்றால் மொத்தம் 235.20, குறையும் 54.80 டாலரை முதலாளி ஈடுகட்ட வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவு. நடைமுறையில் பிசகுவது இரண்டு இடங்களில். கணக்கு நாளுக்கு நாள் போடப்படுவதில்லை, வாரத்துக்கு மொத்தமாகப் போடப்படுகிறது. செவ்வாய்க்கிழமை காலியான கடையில் எட்டு மணி நேரம் நின்ற கூலியை, சனிக்கிழமை கூட்டத்தில் கிடைத்த டிப்ஸ் தின்றுவிடுகிறது. இரண்டாவது, குறையும் தொகையைத் தொழிலாளியே கண்டுபிடித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பதை முடிவு செய்கிறவரிடம்தான் கேட்கவும் வேண்டும்.

பங்கு பிரிப்பது இன்னொரு சிக்கல். மேசை துடைப்பவருக்கும் பானம் கலக்குபவருக்கும் சர்வர் தன் டிப்ஸில் பங்கு தருவது அங்கே வழக்கம். அது நியாயமே. ஆனால் பல கடைகளில் பங்கைக் கிடைத்த டிப்ஸில் கணக்கிடாமல் விற்பனைத் தொகையில் 3 விழுக்காடு என்பதுபோல வைக்கிறார்கள். 800 டாலர் விற்றால் 24 டாலர் கொடுத்தாக வேண்டும். அதில் 200 டாலருக்குச் சாப்பிட்ட ஒரு மேசை ஒன்றும் வைக்காமல் எழுந்து போனால், அந்த மேசைக்கான 6 டாலர் மற்ற மேசைகளில் கிடைத்ததிலிருந்து போகிறது. முதலாளியும் மேலாளரும் தொழிலாளியின் டிப்ஸில் கைவைக்கக் கூடாது என்பதைக் கூட்டாட்சிச் சட்டம் 2018-இல் உறுதியாக்கியது. கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உட்பட ஏழு மாநிலங்களில் இந்தக் கழிவே கிடையாது. முழுக் கூலியும் தந்தாக வேண்டும், டிப்ஸ் அதற்கு மேல். சொல்லின் பழைய பொருள் அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

பிரிட்டனில் டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேர்ப்பது 2009-இலேயே நின்றது. 2024 அக்டோபர் 1 முதல், முதலாளி வழியாக வரும் டிப்ஸ் முழுவதையும் அடுத்த மாத முடிவுக்குள் தொழிலாளர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். வரி தவிர வேறு பிடித்தம் கூடாது.

இனி நம் சொற்களுக்கு வருவோம்.

'இனாம்' அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. கொடை என்று பொருள். தீபாவளி இனாம், பொங்கல் இனாம் என்று தபால்காரருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் கொடுத்துப் பழகியதால் டிப்ஸுக்கு மிக நெருங்கிய பழஞ்சொல் இதுதான். ஆனால் இனாமுக்கு இன்னொரு வரலாறு உண்டு. கிராமப் பணியாளர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விடப்பட்ட நிலமும் இனாம் எனப்பட்டது. அது ஊழிய இனாம். 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் தொட்டது இனாம் நில உரிமைகளைத்தான். ஊழியத்துக்குக் கிடைத்த கூலிக்குக் கொடை என்று பெயரிட்டதை நம் மண்ணும் கண்டிருக்கிறது.

'மாமூல்' என்பதும் அரபி மூலம். வழக்கமானது என்று பொருள். மனமுவந்து கொடுத்தது நாளடைவில் கொடுத்தே தீர வேண்டியதாக மாறுவதை இந்தச் சொல் காட்டுகிறது. இன்று அதற்குப் பெரும்பாலும் லஞ்சம் என்றே பொருள். 'கைமடக்கு' என்பதற்கும் அதே கறை படிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் 'சந்தோஷமா ஏதாவது குடுங்க' என்று கேட்பதை டிப்ஸ் என்று சொல்லி மெழுகக் கூடாது. 2018 திருத்தத்துக்குப் பின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு.

'கொசுறு' பொருந்தாது, அது கடைக்காரர் வாங்குபவருக்குக் கொடுப்பது, திசையே வேறு. 'வெகுமதி' பரிசுக்கும் போட்டிக்கும் போய்விட்டது. 'சன்மானம்' எழுத்தாளர், கலைஞர் பக்கம் நிலைத்துவிட்டது. 'பணிக்கொடை' கேட்க அழகான சொல். ஆனால் ஓய்வுபெறும்போது கிடைக்கும் கிராஜுவிட்டிக்கு அது நிலைபெற்றுவிட்டது: பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம், 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை. ஆங்கிலத்தில் 'கிராஜுவிட்டி' டிப்ஸையும் குறிக்கும் என்பதால் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்க ஓட்டல் பில்லில் உள்ள கிராஜுவிட்டியைப் பணிக்கொடை என்று எழுதினால் அது தவறு.

'பரிசில்' சங்கச் சொல். அதைப் பற்றிய கூர்மையான பதிவு புறநானூறு 208-ஆம் பாட்டில் இருக்கிறது. தன்னை நேரில் காணாமல் அதியமான் அனுப்பிய பொருளை ஏற்க மறுக்கும் பெருஞ்சித்திரனார், 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்கிறார். கொடை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முகம் பார்க்காமல் கொடுத்தால் மதிப்பில்லை என்பது அவர் நிலை. மேசையில் எறிந்துவிட்டுப் போகும் நோட்டுக்கும் பணியாளர் கையில் கொடுக்கும் நோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் அன்றே பார்த்திருக்கிறது.

'ஈவு' என்றால் கொடை, பங்கு என்ற இரண்டு பொருளும் வரும். எல்லோரும் பிரித்துக்கொள்ளும் டிப்ஸுக்கு முதல் பார்வையில் கச்சிதமாகத் தோன்றும். ஆனால் தொல்காப்பியம் ஈ, தா, கொடு மூன்றையும் பிரித்து வைக்கிறது: 'ஈ' என்பது தாழ்ந்தவர் கேட்பது, 'தா' ஒத்தவர் கேட்பது, 'கொடு' உயர்ந்தவர் கேட்பது. உழைத்துவிட்டு நிற்பவர் வாயில் 'ஈ' என்ற வினையை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

உழைத்தவருக்கு உரிய சொல் கூலி. 'முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்னும் குறளில் அது எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது. திருவீழிமிழலை வரலாற்றிலும் உழைப்புக்கு இந்த மதிப்பு உண்டு. பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்தது. சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது அதன் மதிப்பில் ஒரு பகுதியை வட்டமாகப் பிடித்தார்கள். அதற்கு 'வாசி' என்று பெயர். அப்பர் காசுக்கு வாசி இல்லை. அவர் கையால் தொண்டு செய்தவர் என்பது காரணம். கார்டில் வந்த டிப்ஸைத் தொழிலாளியிடம் சேர்க்கும்போது கார்டுக் கட்டணம் என்று பிடிக்கிறார்களே, அந்தப் பிடித்தத்துக்கு 'வாசி' என்பது பொருத்தமான பழஞ்சொல்.

இந்தியாவில் டிப்ஸைக் கூலியிலிருந்து சட்டமும் பிரித்தே பார்க்கிறது. ஓட்டல் நிர்வாகம் கார்டில் வாங்கிப் பிரித்துத் தரும் டிப்ஸ் சம்பளம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் வருமான வரி வழக்கில் சொன்னது. சம்பளம் ஆகாது என்பதால் முதலாளி அதில் சம்பளத்துக்கான வரியைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலாளிக்கு அது வருமானம்தான். ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக் கணக்கிலும் அது கூலியாகாது என்று முன்பே தீர்ப்பு உண்டு. இதன் விளைவு பலருக்குத் தெரிவதில்லை. டிப்ஸில் வந்த ரூபாய்க்கு வைப்புநிதி சேராது, பணிக்கொடையும் உயராது. 'சம்பளம் கம்மிதான், டிப்ஸ் நல்லா வரும்' என்று சொல்லி ஆள் எடுக்கும் இடத்தில் தொழிலாளி இழப்பது இதுதான். அந்தப் பேச்சால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகவும் முடியாது. அமெரிக்காவில் உள்ள கழிவு இங்கே கிடையாது. கோயில் அர்ச்சகரின் தட்டுக்காசும் இதே கதை. சொற்ப மாதச் சம்பளத்தை அதுதான் தாங்குகிறது.

சேவைக் கட்டணம் வேறு. 1,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் என்றால் 100. 1,100 ரூபாய்க்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. 55, மொத்தம் 1,155. சேவைக் கட்டணம் இல்லாவிட்டால் 1,050. கட்டணத்தின் மேல் வரியும் ஏறுவதைப் பலர் கவனிப்பதில்லை. பில்லில் இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதைச் சரி என்றது. நீக்க மறுத்தால் 1915 என்ற உதவி எண்ணில் புகார் தரலாம். நீக்கச் சொன்ன பிறகு, பரிமாறியவர் கையில் நேராகக் கொடுப்பது நல்லது. கடையின் க்யூஆர் குறியீட்டில் கூடுதலாகப் போட்டால் அது கல்லாவுக்குத்தான் போகும். அங்கிருந்து தொழிலாளி கைக்கு வருமா என்பது முதலாளியைப் பொறுத்தது.

ஆக, எந்தச் சொல்? பேச்சில் டிப்ஸ் இருக்கட்டும். 'டீக்காசு'ம் நல்ல சொல்தான். எழுத்தில், கட்டாயமில்லாததற்கு 'விருப்பத்தொகை' என்பதைப் பரிந்துரைக்கிறேன். கொடுப்பவர் உயர்ந்தவர், வாங்குபவர் தாழ்ந்தவர் என்ற தொனி அதில் இல்லை. வரையறையின் நான்காவது கூறைச் சொல்லே நினைவூட்டுகிறது. அமெரிக்காவின் 5.12 டாலரைப் பற்றி எழுதும்போது மட்டும் இந்தச் சொல் ஆகாது; அது வாடிக்கையாளர் கட்டும் கூலி, அப்படியே எழுத வேண்டும்.

பில்லைத் தமிழில் அச்சிடும் ஓட்டல்காரர்கள் 'விருப்பத்தொகை' என்ற வரியை வைக்கலாம். ஆனால் எதிரே எண் எதுவும் அச்சிடாமல் வெற்றிடமாக விட வேண்டும். எண்ணை நீங்களே போட்டுவிட்டால் அந்த வரிக்குப் பெயர் சேவைக் கட்டணம்.