மானியத்துக்கு யாரைப் பார்ப்பது? வர்த்தக, தொழில் அமைச்சு வேலை செய்யும் விதம்

சிங்கப்பூரின் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருப்பவரானாலும் சரி, சிறிய அளவில் கேட்டரிங் தொழில் நடத்துபவரானாலும் சரி, அரசாங்க மானியம் என்று பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி, "இதுக்கு யாரைப் போய்ப் பார்க்கணும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரே அமைச்சின் கீழ் இத்தனை கழகங்கள் ஏன் என்று புரிந்துவிட்டால் அதற்குப் பதிலும் கிடைத்துவிடும்.

வர்த்தக, தொழில் அமைச்சு கடைக்காரரின் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் இடம் அல்ல. எந்தத் துறையை வளர்ப்பது, அதற்கு என்ன விதி, என்ன சலுகை என்று கொள்கை வகுப்பதுதான் அதன் வேலை. அதை நடத்திக் காட்டுவது ஆணைபெற்ற கழகங்கள். இவை தனிச் சட்டத்தால் அமைந்தவை, தமக்கென நிர்வாகக் குழு வைத்திருப்பவை, ஆட்களைத் தாமே வேலைக்கு எடுப்பவை.

இந்த ஏற்பாட்டின் வேர் 1961இல் இருக்கிறது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த நேரம். ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய ஆல்பர்ட் வின்செமியஸ் குழு தொழில்மயமாக்கலுக்கு ஒரு திட்டம் தந்தது; நிதியமைச்சர் கோ கெங் சுவீ காலத்தில், அந்த ஆகஸ்டில், ஹான் சுய் சென் தலைமையில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. ஜூரோங் சதுப்பு நிலத்தைத் திருத்தித் தொழிற்பேட்டை அமைப்பது, ஆலைகளுக்குக் கடன் கொடுப்பது, வெளிநாட்டு முதலீட்டாளர்களை அழைத்து வருவது என்று எல்லாமே அந்த ஒரு கழகத்தின் தலையில் விழுந்தன. 1968இல் நிலமும் கட்டடமும் ஜூரோங் நகராண்மைக் கழகத்துக்கும், கடன் வேலை டிபிஎஸ் வங்கிக்கும் போயின. வர்த்தக, தொழில் அமைச்சு என்று தனியாக ஒன்று வந்ததே 1979இல்தான்.

வேலை பெருத்தால் பிரிப்பது, இரட்டிப்பானால் சேர்ப்பது என்ற இந்தத் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன். 2018 ஏப்ரலில் வெளிநாட்டுச் சந்தைகளைக் கவனித்த ஐஇ சிங்கப்பூரையும் உள்ளூர் நிறுவனங்களைக் கவனித்த ஸ்பிரிங் சிங்கப்பூரையும் இணைத்து என்டர்பிரைஸ் சிங்கப்பூர் ஆக்கினார்கள். இங்கே வளர்ந்து ஜோகூரிலோ சென்னையிலோ கிளை திறக்க நினைக்கும் நிறுவனத்துக்கு இரண்டு அலுவலகம் எதற்கு?

அப்புறம், 2016 வரவுசெலவுத் திட்டத்தில் தொடங்கிய தொழில்துறை உருமாற்றத் திட்டங்கள். 23 துறைகளுக்குத் தனித்தனி வளர்ச்சித் திட்டம், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஓர் அமைப்பு. உணவுச் சேவைக்கும் சில்லறை வணிகத்துக்கும் என்டர்பிரைஸ் சிங்கப்பூர், ஹோட்டல்களுக்குப் பயணத்துறைக் கழகம், கட்டுமானத்துக்கு வேறு அமைச்சின் கீழுள்ள கட்டட, கட்டுமான ஆணையம். ஆகவே முதலில் உங்கள் தொழில் எந்தத் துறைக்குள் வருகிறது என்று பாருங்கள்.

சிறு கடைகள் அதிகம் கேட்பது பிஎஸ்ஜி எனப்படும் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம். பில் போடும் கருவி, கணக்கு மென்பொருள் போன்ற, ஏற்கெனவே அங்கீகரித்த தீர்வுகளுக்குச் செலவில் பாதி வரை கிடைத்து வந்திருக்கிறது. விகிதமும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் இருப்பதைப் பாருங்கள். நிறுவனம் சிங்கப்பூரில் பதிவாகி இயங்க வேண்டும், குறைந்தது 30 விழுக்காட்டுப் பங்கு சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி கையில் இருக்க வேண்டும். முக்கியமானது இதுதான்: விண்ணப்பிக்கும் முன் விற்பனையாளருக்குப் பணம் கட்டாதீர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். "நாங்க எல்லாம் பார்த்துக்கிறோம், நீங்க முதல்ல சைன் பண்ணுங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால் அங்கேயே நில்லுங்கள். விண்ணப்பம் இணையத்தில்தான்; நிறுவனத்தின் சார்பில் விண்ணப்பிக்க கார்ப்பாஸ் என்ற மின்னிலக்க அனுமதி வேண்டும்.

ஒப்புதல் வந்தாலும் முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும், மானியம் பிறகுதான் திரும்ப வரும். கைமுதல் குறைந்த கடைக்கு இது பெரிய பாரம், அமைச்சு இதை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் எஸ்எம்இ சென்டரில், அதாவது சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நிலையத்தில், ஆலோசகர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குப் பொருந்தும் மானியம் எது, அதை எந்தக் கழகம் தருகிறது என்று அவர்களிடமே கேட்கலாம்.